ஓம் சொல்லக் கூடாது

சேலைக் கொய்யகத்தை இடுப்பில் செருகப் போன நேரம்தான் கத்தரின் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். புல்வெளிப் பக்கத்துப் படலை ஆவென்று திறந்து கிடந்தது. குதிரை எக்கிலா பச்சைப்புல்லுக்குள் வாயைப் புதைத்துக்கொண்டு, தலை நிமிர்த்தாமல், மளமளவென்று தின்றுகொண்டிருந்தாள்.

"ஐயோ மாதாவே!"

புருஷன் பேனாட் செத்த நாளிலிருந்து அவள் வாயால் அப்படியொரு சத்தம் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்து கீழே கூடத்தில் இருந்த சனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. "இப்பத்தான் அழுகை வருது போலை," என்று மச்சாள் முறையான ஒருத்தி பெருமூச்சு விட்டாள். "விடுங்கோ, நல்லா அழட்டும். அடக்கி வைச்சால் நெஞ்சுக்குக் கூடாது." அவள் சொல்லி வாய் மூடவில்லை, கத்தரின் பாதி உடுத்த வெள்ளைச் சேலையை வாரிச் சுருட்டி இடுப்பில் முடிந்துகொண்டு படியிறங்கி வந்து, அவர்களைக் கடந்து ஓடி, பின்கதவடியில் கிடந்த றப்பர் பூட்ஸுக்குள் காலை விட்டாள்.

வீடு சென்-லசாரில் இருந்தது. மொன்றியலை விட்டு மேற்கே போனால் வருகிற குதிரைக்காரரின் ஊர். டொலார்ட்டில் இருந்த நல்ல வீட்டை விற்றுவிட்டு அங்கே குடிபோனதற்கே பேனாட்டைச் சொந்தக்காரர் விசரன் என்றார்கள். போன கையோடு ஐஸ்லாந்துக் குதிரை இரண்டு வாங்கிக் கட்டியபோது விசர் முற்றிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்கள். "உது குதிரையே? மட்டக்குதிரை," என்று எவராவது சொன்னால் போதும், மனுஷனுக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நிற்கும். "உயரத்தை வைச்சுத்தான் கதையெண்டால் நீயும் மட்ட மனுசன்தான், போடா," என்பார். அப்படிப்பட்டவர், செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்கு வெளிக்கிட்டு, காரில் ஏறி, பெல்டையும் போட்டுக்கொண்டு, திறப்பைத் திருகாமலே போய்விட்டார். நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டொக்டர். இன்று பின்னேரம் டொலார்ட்டில் உடலைப் பார்வைக்கு வைக்கிறார்கள். நாளை பூசை, அடக்கம்.

புல்வெளியில் இறங்கியதும் கத்தரின் ஓடுவதை நிறுத்தினாள். குதிரையைத் துரத்திப் பிடித்தவர் ஒருவரும் இல்லை. பேசாமல் நடந்து போய்ப் பக்கத்தில் நின்று, கழுத்து மயிருக்குள் விரலை விட்டு, "வாங்கோ," என்றாள். எக்கிலா கடைசி வாய் ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்தாள். நாலு அடி வைத்ததும் கத்தரினுக்கு விளங்கிவிட்டது. முன்கால் இரண்டையும் நோகாமல் வைக்கப் பார்க்கிறாள். குனிந்து குளம்பைத் தொட்டாள். சூடு. குளம்புக்கு மேலே நாடி விரலை உதைத்தது.

பச்சைப்புல் எக்கிலாவுக்குச் சீனி வருத்தக்காரனுக்கு லட்டு மாதிரி. வசந்தப் புல்லில் இருக்கிற சீனி இரத்தத்தில் ஏறினால், குளம்புக்குள் இருக்கிற சதை அவிந்து எலும்பை விட்டுவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னர் ஒரு தடவை வந்து, மயிரிழையில் தப்பியவள். திரும்பவும் வந்தால் கொல்லுகிற ஊசிதான் என்று மிருக வைத்தியர் அப்போதே சொல்லிவிட்டாள். அதனால்தான் மண் தரையில் அடைத்து, காய்ந்த புல்லை நிறுத்துப் போட்டு வளர்த்தார்கள். மற்றது பிளேசி, இளசு. அவனுக்குக் கல்லைத் தின்றாலும் செமிக்கும்.

"படலையை ஆர் திறந்தது?"

கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்த கணேசலிங்கம் அப்படியே நின்றார். பேனாட்டோடு விமான நிலையத்தில் ஒன்றாகச் சாமான் ஏற்றிய சிநேகிதர். ஒரே காரில்தான் இரண்டு பேரும் வேலைக்குப் போவார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் காருக்குள் பேனாட்டைக் கண்டதும் அவர்தான்.

"நான்தான் தங்கச்சி. விடிய வெள்ளனக் கதிரை இறக்க வந்தனான். பாவம், ரெண்டும் வெறும் மண்ணுக்குள்ளை நிக்குதுகள், வேலிக்கு அங்காலை இடுப்பளவு புல்லு. பேனாட் போனதோடை ஒருத்தரும் கவனிக்கேல்லையாக்கும் எண்டு... பார், மயிரெல்லாம் கொத்துக் கொத்தாக் கொட்டிப் போய் நிக்குது. வயிறு வேறை ஊதியிருக்கு. பட்டினி கிடந்தால்தானே அப்பிடி ஊதும்?"

"அது குளிருக்கு வளந்த மயிர், கணேசண்ணை. மே மாசம் கொட்டும். வயிறு கொழுப்பு."

"செத்தவீட்டிலை ஒரு சீவனும் பசியோடை நிக்கக் கூடாது எண்டு எங்கடை ஆக்கள் சொல்லுறவை. அதுதான்."

விடியற்காலையிலிருந்து என்றால் பாதி நாள். கத்தரினுக்கு வந்த கோபத்துக்கு அந்த மனுஷனின் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பாள். ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. கையில் பிடித்த கதிரையைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றார்.

"கதிரையை விட்டிட்டு அந்தக் கறுப்பு வாளியள் ரெண்டையும் கொண்டு வாங்கோ," என்றாள்.

வைத்தியர் போனில் கிடைத்தாள். கத்தரின் பிரெஞ்சில் இரண்டு நிமிடம் கதைத்தாள். வைத்தியர் எங்கேயோ கன்று மாட்டிக்கொண்ட பசுவோடு நிற்கிறாள், பின்னேரம்தான் வருவாள். அதுவரை முன்கால் இரண்டையும் ஐஸுக்குள் வை, முழங்காலுக்குக் கீழ் வரைக்கும், ஒரு நிமிடமும் வெளியே எடுக்க விடாதே என்றாள்.

ஐஸுக்கு எங்கே போவது? வந்த சனத்துக்குச் சோடாவும் ஜூஸும் போட்டு வைத்த பெரிய நீலப் பெட்டி வாசலில் இருந்தது. கத்தரின் அதை இழுத்துக்கொண்டு வந்து, போத்தல்களை நிலத்தில் கொட்டிவிட்டு, ஐஸை வாளிகளுக்குள் கவிழ்த்தாள். மகள் றொஷினி கறுப்புச் சட்டையோடு ஓடி வந்தாள். "தெப்பனர் கடைக்குப் போ பிள்ளை. இருக்கிற ஐஸ் முழுக்க வாங்கு. காணாட்டில் அடுத்த தெப்பனர்." எக்கிலாவின் வலது காலைத் தட்டினாள். அவள் தூக்கி வாளிக்குள் வைத்தாள். இடது காலும் அப்படியே. இரண்டு வாளிக்குள்ளும் நின்றுகொண்டு சுற்றியிருந்த சனத்தைப் பார்த்தாள்.

"அட, சொல்வழி கேக்குது!" என்றார் ஒருவர்.

கேட்காமல் என்ன? பழக்கியது கத்தரின். இது ஊருக்குத் தெரியாது. காட்டுக்குதிரை திரிகிற நெடுந்தீவில் பிறந்தவனுக்குக் குதிரை தெரியாதோ என்று மார்தட்டி வாங்கியது பேனாட்; அங்கே அவருக்கும் குதிரைக்கும் இருந்த உறவெல்லாம் தோட்டத்துக்குள் இறங்கினால் கல்லெறிந்து கலைத்ததுதான். முதல் கிழமையே விழுந்து தோள்மூட்டு விலகிவிட்டது. அதற்குப் பிறகு கயிற்றைக் கையில் எடுத்தவள் கத்தரின். நாள் முழுக்கக் கார்த்ரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் இரண்டு வயதுப் பிள்ளைகளை மேய்க்கிறவளுக்கு இது என்ன பெரிய வேலை! கத்தக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் கேட்க வேண்டும். செய்யும்வரை பொறுத்திருந்து, செய்ததும் உடனே விட்டுவிட வேண்டும். பிள்ளைக்கும் அதுதான், குதிரைக்கும் அதுதான். எக்கிலாவின் நடை ஓடிக்கொண்டிருக்கும்போதும் முதுகு குலுங்காத நடை, மேலே இருக்கிறவர் கையில் தேத்தண்ணி வைத்திருந்தாலும் சிந்தாது. அந்த நடையை ஒரு முழுக் கோடை காலம் கயிற்றில் நடத்தி நடத்தி வெளியே கொண்டுவந்தவள் அவள். நடை சரியாக வந்த பிறகு பேனாட் மேலே ஏறி இருந்து படம் எடுத்துச் சொந்தக்காரருக்கெல்லாம் அனுப்பினார். அவளுக்கு அதில் ஒரு மனக்குறையும் இருந்ததில்லை. மனுஷன் சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து பேனாட்டின் தம்பி யோசெப், போனைக் காதில் வைத்தபடி வந்தான். செயின்ட்-மிஷேலில் இருப்பவன். செத்தவீட்டுப் பொறுப்பு முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டு ஓடித் திரிபவன்.

"ஓம், ஓம். ரெண்டு மணிக்கு. ஓம், பாதர் வாறார். ஓம்."

எக்கிலா வலது காலைத் தூக்கி வெளியே வைத்தாள். அடுத்த 'ஓம்'முக்கு இடது காலும் வந்தது. வாளி சரிந்து ஐஸெல்லாம் மண்ணில் கொட்டுண்டது.

கத்தரின் நிமிர்ந்தாள். "யோசெப், வாயை மூடு!"

வாழ்க்கையில் அண்ணி அவனோடு அப்படிக் கதைத்ததில்லை. யோசெப் போனை நெஞ்சோடு அமத்திப் பிடித்தான்.

"எல்லாரும் கேளுங்கோ. இஞ்சை நிண்டு ஒருத்தரும் ஓம் எண்டு சொல்லக் கூடாது. சரியாச் செய்து முடிச்சால் ஓம் எண்டு சொல்லித்தான் நான் விடுறனான். அந்தச் சொல்லைக் கேட்டால் வேலை முடிஞ்சுது எண்டு காலை எடுத்திடுவாள். விளங்கிச்சுதோ?"

"ஓம்," என்றார்கள் நாலைந்து பேர்.

எக்கிலா அப்போதுதான் வாளிக்குள் வைத்த காலை மறுபடியும் தூக்கினாள்.

யாழ்ப்பாணத்துச் சனத்திடம் 'ஓம்' சொல்லாதே என்பது மூச்சு விடாதே என்பது போலத்தான். ஐஸ் கொண்டு வந்தவனிடம் "இன்னும் இருக்கோ?" என்று கேட்டால் "ஓ—" என்று தொடங்கி, நாக்கைக் கடித்து, தலையை மட்டும் ஆட்டினான். ஒரு கிழவர் "ஆமா, ஆமா" என்று இந்தியப் படத்தில் கதைப்பது போலக் கதைக்கத் தொடங்கியதும் இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அங்காலே போனார்கள். செத்தவீட்டில் சிரிக்கலாமோ? சிரித்தார்கள். கத்தரினும் சிரிக்கப் பார்த்தாள், ஆனால் இரண்டு கையும் ஐஸுக்குள் இருந்தது, விரல் விறைத்து நொந்தது. குளம்பைச் சுற்றி ஐஸை அமத்தி அமத்தி வைத்தபடியே இருந்தாள்.

மத்தியானம் திரும்பியதும் யோசெப் கார்த் திறப்பை ஆட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணி, வெளிக்கிடுங்கோ. பெட்டி திறக்கேக்கை நீங்கள்தான் முதல் நிக்க வேணும்."

"நான் வரேல்லை. நீங்கள் போங்கோ."

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? சனம் என்ன சொல்லும்? அண்ணைக்குப் பக்கத்திலை நீங்கள் இல்லாமல்—"

"பின்னேரம் வருவன். டொக்டர் வரவேணும்."

"உதுகளை நான்தான் வித்துப்போட்டனே! ஞாயிற்றுக்கிழமை ஒருத்தன் றெயிலரோடை வந்து ஏத்துறான். ராத்திரி உங்களுக்குச் சொன்னனான். நீங்கள் எங்களோடை செயின்ட்-மிஷேலுக்கு வந்து இருக்கப் போறியள், பேந்து என்னத்துக்குக் குதிரை? அண்ணையின்ரை பொழுதுபோக்கு அண்ணையோடை போச்சு."

ராத்திரி அவன் சொன்னதற்கு அவள் "பேந்து பாப்பம்" என்றுதான் சொல்லியிருந்தாள். எங்கள் ஆக்கள் 'பேந்து பாப்பம்' என்றால் இல்லை என்றுதான் அர்த்தம். அது யோசெப்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த வீடு, இந்த வேலி, இந்த இரண்டு சீவன், அவளுடைய காலை, அவளுடைய பின்னேரம், எல்லாவற்றையும் ஒருத்தன் போனில் கதைத்து முடித்துவிட்டான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"யோசெப், நீ நல்ல பிள்ளை. மூண்டு நாளா ஓடித் திரியிறாய். இப்ப கொண்ணையிட்டைப் போ. இவளை விட்டிட்டு நான் அசைய மாட்டன்."

றொஷினி தாயின் தோளைத் தொட்டாள். "அம்மா, அப்பா தனிய இருப்பார்."

"உன்ரை அப்பாவுக்கு இனி ஒண்டும் நடக்காது பிள்ளை," என்றாள் கத்தரின். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே உறைத்தது. கண் முட்டியது, ஆனால் குரல் ஆடவில்லை. "இவளுக்கு நடக்கும். நீ போய் அவருக்குப் பக்கத்திலை நில். நான் வருவன்."

காரெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகப் போய் முடிந்தன. கணேசலிங்கம் மட்டும் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, டையோடு, ஐஸ் பையை உடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் போகேல்லையோ?"

"நான்தானே திறந்து விட்டனான்."

பிளேசி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கால் காற்றை ஊதினான். எக்கிலா பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றினாள். அப்படி மாற்றும் ஒவ்வொரு தடவையும் கத்தரின் வாளியை இறுக்கிப் பிடித்தாள்.

"ஒண்டு சொல்லட்டே தங்கச்சி?" என்றார் கணேசலிங்கம். "வேலைக்குப் போகேக்கை கார் முழுக்கக் குதிரைக் கதைதான். நான் ஒருநாள் கேட்டன், எப்பிடியடா உதை உந்தளவுக்குப் பழக்கினாய் எண்டு. நானோ? நான் மேலை ஏறி இருக்கிற மூட்டை எண்டான். எல்லாம் கத்தரின்தான், நான் விழாமல் இருக்கிறதே அவளின்ரை புண்ணியம் எண்டான்."

கத்தரின் வாளிக்குள் குனிந்தபடி இருந்தாள்.

"அப்பிடிச் சொன்னவரோ?"

"ஓ..." கணேசலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார். "பெருமையடிச்சுச் சொல்லுவான். விமான நிலையம் முழுக்கத் தெரியும். சொந்தக்காரருக்கு மட்டும் சொல்லாதை எண்டு எனக்குச் சொல்லி வைச்சவன். சொன்னால் படம் அனுப்பினதுக்கெல்லாம் சிரிப்பாங்களாம்."

"மூதேவி," என்றாள் கத்தரின். "மூதேவி மனுசன். எனக்கு ஒருக்கால் சொல்லியிருந்தால் என்ன?" அப்போது அழுதாள். வாய்விட்டு, மூக்கைத் துடைக்கக் கை இல்லாமல், எக்கிலாவின் காலில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு அழுதாள். கணேசலிங்கம் ஐஸ் உடைப்பதை நிறுத்தவில்லை. அதற்காக அவள் பிறகும் அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டாள்.

வைத்தியர் வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. முழங்கை வரை பசுவின் இரத்தத்தோடு வந்தவள், வெள்ளைச் சேலையும் பூட்ஸுமாக இருந்த கத்தரினைத் தாண்டி நேரே குதிரையிடம் குனிந்தாள். குளம்பைத் தொட்டாள், நாடி பிடித்தாள், சாமணம் போன்ற ஒன்றால் குளம்பின் அடியை அமத்திப் பார்த்தாள், நோவுக்கு ஊசி ஒன்று போட்டாள். நாடி இறங்கியிருக்கிறது, நேரத்துக்குச் செய்திருக்கிறாய், இரவு முழுக்கவும் நாளைக்கும் ஐஸை விடாதே, எலும்பு அசையவில்லை என்றே நினைக்கிறேன் என்றாள். பிறகுதான் வாசலில் அடுக்கியிருந்த கதிரைகளையும் மலர்வளையத்தையும் கண்டாள். "ஆர் செத்தது?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"என்ரை மனுசன்," என்றாள் கத்தரின். அவர் செத்ததை அவள் பிரெஞ்சில் சொன்னது அதுதான் முதல் தடவை. வைத்தியர் அவள் தோளை ஒரு தடவை இறுகப் பிடித்துவிட்டுப் போனாள்.

"நீ போ," என்றார் கணேசலிங்கம். "நான் நிக்கிறன்."

"நீங்கள் அவரைப் பாக்கேல்லையே, அண்ணை."

"காருக்குள்ளை கையைப் பிடிச்சுப் பாத்தவன் நான்தானே. நாளைக்குக் கோயிலுக்கு வாறன். றொஷினியை ராத்திரிக்கு இன்னும் ஐஸ் கொண்டு வரச் சொல்லு."

வேறு சேலை உடுக்க நேரமில்லை. கொய்யகத்தைச் செருகி, ஊசி குத்தி, வான் வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறினாள். விரல்கள் விறைத்தே இருந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது.

டொலார்ட் மண்டபத்தில் செபமாலை நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற யோசெப் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தான். சேலைக் கரை முழங்கால் வரை சேறு. காலில் பூட்ஸ்.

"எப்பிடி இருக்கு?" என்றான்.

"நிக்கிறாள்."

"நான் அந்தாளுக்குப் போன் எடுத்து வரவேண்டாம் எண்டிட்டன்." அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "விக்க விருப்பமில்லை எண்டு நீங்கள் ராத்திரியே சொல்லியிருக்கலாம் அண்ணி."

"ராத்திரியே சொன்னனான்," என்றாள்.

சனம் விலகி வழி விட்டது. யாரோ "பூட்ஸோடையே?" என்று குசுகுசுத்தார்கள். கத்தரின் நேரே நடந்து போனாள். பேனாட்டுக்கு நீலக் கோட்டுப் போட்டிருந்தார்கள், தலையைத் தவறான பக்கம் வகிடு எடுத்து வாரியிருந்தார்கள். செபமாலை சுற்றிய கைகள் நெஞ்சில் கோத்திருந்தன. அவள் கையை நீட்டியபோது றொஷினி தடுத்தாள்.

"தொடாதேங்கோ அம்மா. சரியான குளிர். நான் தொட்டு நடுங்கிப் போனன்."

கத்தரின் அவருடைய கையைப் பிடித்தாள். விறைத்த தன் விரல்களை அவர் விரல்களுக்கு மேல் வைத்து மூடினாள். பின்னால் செபமாலை தொடர்ந்துகொண்டிருந்தது.

"குளிரேல்லையே," என்றாள். கையை எடுக்கவில்லை.